எட்டாம் நம்பர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உங்கள் உடம்பு எப்படி, காது எப்படி, தூக்கம் எப்படி என்று விவரமாக எழுதுங்கள். போனில் நான் தொண்டை கிழியக் கத்துவதும் நீங்கள் "யாரு? யாரு?" என்பதும் போதும். நமக்குக் கடிதம்தான் சரிப்படும்.

ஒரு சேதி. செப்டம்பர் கடைசியோடு ஷூ கடையிலிருந்து எனக்கு ஓய்வு. நாற்பத்தோரு வருஷம் கண்டவன் காலையெல்லாம் பிடித்தே பிழைத்தாயிற்று, இனி நிமிர்ந்து உட்காரலாம். கடைசி நாளன்று சாயங்காலம் கடைக்குள்ளேயே நாற்காலி போட்டு, டீ கொடுத்து, முதலாளி நாலு வார்த்தை பேசுவாராம். "வீட்டுல இருந்து யாரு வருவாங்க?" என்று கேட்டார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணம் என்று ஒன்றைப் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணி போனபோது உங்களைப் பார்த்தது, ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. எங்கள் அண்ணன் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வர வேண்டும். நான் அனுப்பும் ஷூவைப் போட்டுக்கொண்டு, எங்கள் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஓட்டலில் வேலை பார்த்த நாளில் நடந்த அந்த நடையில் உள்ளே வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் அண்ணா.

அதற்கு அளவு வேண்டும். வயதாக ஆகப் பாதம் நீளும், அகலும், உள்வளைவு சரியும், விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரு காகிதத்தை விரித்து, சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு காலிலும் சமமாக எடையை வைத்து நில்லுங்கள். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைய வேண்டும். நீங்களே குனிந்து வரைந்தால் அளவு தப்பிவிடும். இரண்டு காலும் வேண்டும். இடது கால் வேறு, வலது கால் வேறு. எவனுக்கும் இரண்டும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

பதிலை எதிர்பார்த்து,
தம்பி


ஜனவரி 24

சின்னவனுக்கு,

ஆசிகள். நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். காது அப்படியேதான். பக்கத்து வீட்டு ஹாரன் பேசினால் மட்டும் கேட்கிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், அவனுடைய தொண்டையே ஹாரன்தான்.

உனக்கு ஓய்வா? நேற்றுத்தான் மூக்கொழுகிக்கொண்டு என் பின்னால் வந்தாய். வருகிறேன், வராமல் எங்கே போவேன். முன்வரிசையில் உட்கார்ந்து கால் மேல் கால் போடுகிறேன், உன் முதலாளி பேச்சை மறந்துவிட்டு என் ஷூவைப் பார்க்கட்டும்.

ஆனால் இந்தக் காகிதம் வரைகிற வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம். கல்யாணத்தன்று எனக்கு எட்டாம் நம்பர், இன்றைக்கும் எட்டாம் நம்பர். ஓட்டலின் வரவேற்பு மேஜைக்கு முன்னால் முப்பத்தாறு வருஷம் நின்றவன் நான். உள்ளே வருகிற விருந்தாளி முதலில் பெட்டியைத் தூக்கக் குனிவான், குனிந்தால் அவன் கண்ணில் படுவது என் ஷூ. பட்டை வைத்து ஒட்டுகிற ஆஸ்பத்திரிச் செருப்பு ஒன்றை நீ அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்புவேன், சொல்லிவிட்டேன். முனை கொஞ்சம் ஒடுங்கி, பழுப்பு நிறத்தில், லேஸ் வைத்தது. எட்டு.

நீ விசாரிப்பாய் என்பதால் சொல்கிறேன். சாயங்காலத்தில் கால் கொஞ்சம் உப்புகிறது, சாக்ஸின் தடம் பதிகிறது. மழையில் நின்ற மாதிரி பாதம் மரத்துக்கிடக்கிறது. டாக்டர் சர்க்கரை, நரம்பு என்று ஏதோ சொன்னார், எனக்கு வேண்டாதது காதில் விழுவதில்லை. நீ ஆறு வயதில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு உடைத்தாயே, அந்த இடது சுண்டுவிரல் இன்னும் பக்கத்து விரல் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. அதனோடுதான் இத்தனை வருஷமும் எட்டு போட்டேன். ஹாரனைப் பார், பதினொன்று போடுகிறான். அது ஷூ இல்லை, தோணி.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்களிடம் யார் ஜெயித்தார்கள், நான் ஜெயிக்க? பார்சலில் எட்டாம் நம்பர் வருகிறது. பழுப்பு, லேஸ், நீங்கள் கேட்ட ஒடுங்கிய முனை. இந்த வருஷம் எங்கள் கடைக்கு வந்ததில் இதுதான் அழகு. பெட்டியைத் திறந்ததும் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் கட்டினேன்.

கடையில் அறுபது தாண்டிய ஒருவரையும் நான் அளக்காமல் அனுப்பியதில்லை. "என் சைஸ் எனக்குத் தெரியும்" என்று சண்டைக்கு வருகிறவரையும் உட்கார வைத்து அளந்துவிட்டுத்தான் பெட்டியைத் தொடுவேன். உங்களுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் சாக்ஸையும் கழற்றிப் பாதத்தின் மேலும் கீழும் பாருங்கள். சிவந்திருந்தால் அன்றே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், மாற்றித் தருகிறேன்.

தம்பி


மார்ச் 3

சின்னவனுக்கு,

ஆசிகள். நலம், நலம், மிக நலம்.

டேய், என்ன ஷூடா அது! பெட்டியைத் திறந்ததும் தோல் வாசனையிலேயே எனக்குப் பத்து வயது குறைந்தது. நீ சொன்ன ஒரு மணி நேரக் கணக்கெல்லாம் எனக்கு ஆகவில்லை. அன்றே போட்டுக்கொண்டு பாங்க், தபால் ஆபீஸ், தையல்காரர் கடை என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "மாப்பிள்ள, எந்த ஊர்ல பொண்ணு?" என்றார். எழுபத்து நாலு வயதில் இதைக் கேட்க வேறு என்ன வேண்டும்?

உன் அண்ணி இருந்திருந்தால் "ஆரம்பிச்சிட்டீங்களா மினுக்க" என்று ஒரு இடி இடித்திருப்பாள். தினமும் போடுகிறேன். செப்டம்பருக்குள் நடையைப் பழைய பதத்துக்குக் கொண்டுவர வேண்டுமே. நீ வீணாகக் கவலைப்படாதே. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. சத்தியமாக, ஷூ போட்டிருப்பதே தெரியவில்லை. சாயங்காலம் கழற்றினால் வலது சாக்ஸ் மட்டும் லேசாக ஈரமாக இருக்கிறது, புதுத் தோலுக்குள் கால் வியர்க்கிறது போல.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தைக் கடையில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள். அறைக்கு வந்து மறுபடி படித்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புது ஷூ கொஞ்சமாவது கடிக்க வேண்டும் அண்ணா. ஒடுங்கிய முனை, உப்பிய கால், தினமும் நடை. இத்தனைக்கும் வலிக்கவில்லை என்றால் அது ஷூவின் பெருமை இல்லை, கால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று அர்த்தம். அந்த ஈரம் வியர்வைதானா? ஒரு காலில் மட்டும் எப்படி வியர்க்கும்? இன்றே சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தைப் பிடியுங்கள். ஹாரனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

கடையில் கால் அளக்க ஒரு மெஷின் வந்திருக்கிறது. ஏறி நின்றால் கீழே வெளிச்சம் ஓடுகிறது, திரையில் பாதம் தெரிகிறது. புது மேனேஜர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, வருகிறவர்களிடம் மெஷினைப் பற்றி நல்லபடியாகச் சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன்.

உடனே பதில் போடுங்கள். ஒரு கார்டு போதும்.

தம்பி


ஏப்ரல் 28

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள்? ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஹாரன் நம்பரை எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்டேன், எழுதினீர்களா? ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு லீவு, ஒரே நாளில் வந்து திரும்புகிற தூரமா இது? ஓய்வு பெறுகிற ஆளுக்கு எதற்கு லீவு என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி


ஜூன் 6

சின்னவனுக்கு,

ஆசிகள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு காய்ச்சல், வந்தது, போயிற்று. எழுத உட்கார்ந்தால் சோம்பல். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். மாத்திரை தூக்கம் தூக்கமாக வருகிறது.

அந்தப் பழுப்பு ஷூவை ஹாரனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் ரொம்ப ஆசைப்பட்டான். போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான், நன்றாகத்தான் இருந்தது. நீ வருத்தப்படாதே. ஷூவில் ஒரு குறையும் இல்லை, அதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் பயணத்தைப் பற்றி இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரயிலில் கூட்டம், மழைக்காலம். பார்க்கலாம். ஹாரன் காலையும் மாலையும் வருகிறான், டீ போடுகிறான். குரலைக் குறைக்கச் சொன்னால் கோபம் வருகிறது. உன் முழங்காலை எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொள். அதிகம் நிற்காதே.

அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய்ச்சல் விட்டதா, சாப்பாடு இறங்குகிறதா என்று முதலில் எழுதுங்கள்.

ஷூவைக் கொடுத்துவிட்டீர்கள் என்று படித்ததும் கடிதத்தைப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன், ஒளிப்பானேன். அப்புறம் யோசித்தேன். பிடித்தது, கடித்தது, சொன்னால் தம்பி ஜெயித்துவிடுவான் என்று யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? எட்டு பத்தவில்லை என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில் ரயிலில் கூட்டம் என்கிறீர்கள்.

போகட்டும். கருப்பில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டு சூட்டுக்குப் போடுகிற ஷூதான், மாப்பிள்ளை ஷூ. ஆனால் முன்பக்கம் விரல் விரிய இடம், உள்ளே ஆழம், கையை விட்டுத் தடவினால் ஒரு தையல்கூட உறுத்தாது. லேஸுக்குப் பின்னால் ரப்பர் நாடா ஒளிந்திருக்கிறது, வீங்கினால் அதுவே விட்டுக்கொடுக்கும். வயதானவர்களுக்கு அழகாக ஒன்று கொடுங்கள் என்று கம்பெனிக்காரர்களிடம் இருபது வருஷமாகக் கத்தியது இப்போதுதான் வந்திருக்கிறது.

இந்த முறை காகிதம் வராமல் பெட்டி கிளம்பாது. இரண்டு காலும், நின்றுகொண்டு, சாயங்காலம். ஜூலை நடுவுக்குள் வராவிட்டால் வேலை போனாலும் சரி என்று நானே டேப்போடு கிளம்பி வந்து உங்கள் கூடத்தில் உட்கார்ந்து வரைவேன். இது மிரட்டல்தான்.

தம்பி


ஜூலை 8

சின்னவனுக்கு,

ஆசிகள். காய்ச்சல் இல்லை, இட்டதைச் சாப்பிடுகிறேன்.

நீ கேட்டபடி இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். நின்றேன், ஹாரன் வரைந்தான். கூச்சத்தில் நான் நெளிய, "ஆடாம நில்லுய்யா" என்று அவன் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கோடு அங்கங்கே நடுங்கியிருந்தால் அது அவன் கை.

நீ வர வேண்டாம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், சாமானெல்லாம் கூடத்தில் கிடக்கிறது, படுக்க இடம் இல்லை. உன் ஷூ வந்ததும் போட்டுப் பார்த்து எழுதுகிறேன். செப்டம்பரை அப்போது பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

நீங்கள் நலமா என்று இந்தக் கடிதத்தில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

காகிதங்களைக் கடைக்குக் கொண்டுபோய் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மெஷின் ஓய்ந்திருந்த நேரம். முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். இடது கால் நன்றாக விரிந்திருக்கிறது. இரண்டு காலில் நிற்கிறவன் பாதம் இவ்வளவு பரவாது, உடம்பின் முழு எடையும் இந்த ஒன்றின் மேல்தான் இறங்கியிருக்கிறது. ஒருவேளை அந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் வலது காகிதத்தைப் பார்த்தேன். அதிலும் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. அதே சாய்வு. இடது காகிதத்தைத் திருப்பி அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்துகொண்டது.

அண்ணா, நான் உடைத்தது ஒரு விரலைத்தான்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார், வேறு பையனிடம் போகச் சொல்லிக் கை காட்டினேன். ஹாரனுக்குப் பதினொன்று என்று ஜனவரியில் நீங்களே எழுதியிருந்தீர்கள். எட்டாம் நம்பரைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் நடந்தார் என்று ஜூனில் எழுதியபோது என் மண்டையில் அது உறைக்கவே இல்லை. கால் அளப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் நான், எனக்கே உறைக்கவில்லை. ஒரு குறையும் இல்லை என்று இரண்டு முறை ஏன் எழுதினீர்கள் என்று இப்போது புரிகிறது.

இடது காகிதத்தை மட்டும் டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஒன்பதரை, அதிலும் அகலம். நான் எட்டு அனுப்பினேன். முன்பின் தெரியாத ஆளுக்கு நான் செய்யாத காரியத்தை உங்களுக்குச் செய்தேன்.

பார்சலில் ஒரு ஷூதான் வருகிறது, இடது. சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் தோலை நானே நனைத்து, உள்ளே மரக்கட்டை வைத்து, இரண்டு நாள் விட்டு உப்ப வைத்திருக்கிறேன்.

விழா வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி ரயில் ஏறுகிறேன், பிறகு கடைக்குத் திரும்பப்போவதில்லை. வெள்ளை அடிக்கட்டும், சாமான் கிடக்கட்டும், நான் வாசலில் படுத்துக்கொள்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 19

சின்னவனுக்கு,

ஆசிகள். பார்சலும் கடிதமும் ஒரே நாளில் வந்தன. வெள்ளை எதுவும் அடிக்கவில்லை, கூடம் காலியாகத்தான் இருக்கிறது. வந்து நன்றாகக் காலை நீட்டிப் படு.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி வலது காலை எடுத்தார்கள். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண். சாக்ஸின் ஈரத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஹாரன்தான் ஒரு நாள் டீ கொண்டுவந்தவன், "என்னய்யா, ஏதோ வாடை அடிக்குது" என்றான். அவனே தூக்கிக்கொண்டு போனான், ஆஸ்பத்திரி வாசல்வரை ஆம்புலன்ஸ் டிரைவரோடு சண்டை, மெதுவாக ஓட்டுகிறான் என்று. உன் மார்ச் மாதக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாய். மூன்று நாள் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன், பாழாய்ப்போன கை எழுதிவிட்டது.

ஷூவை எரித்துவிடச் சொன்னேன். ஹாரன் இடது காலுடையதை எரிக்க மனசு வராமல் தன் வீட்டுப் பரண்மேல் போட்டிருக்கிறான். இடது காகிதத்தைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் இன்னொன்றை வைத்து வலது காகிதத்தை நானேதான் வரைந்தேன். விரலைக் கவனிக்கவில்லை. அறுபது வருஷமாகப் பார்க்கிற விரல்டா, அது கோணல் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. உனக்குத்தான் மறக்கவில்லை.

இஸ்திரிப் பெட்டி விழுந்த அன்று நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தவன், இரண்டு நாள் சாப்பிட வெளியே வரவில்லை. நான் நொண்டிக்கொண்டு வந்து தட்டை உள்ளே தள்ளினேன். அதற்கப்புறம் நான் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். ஒரு விரலுக்கே அப்படி என்றால் இதற்கு நீ என்ன ஆவாய் என்று பயந்தேன். எனக்கு என் காலைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. எட்டு என்று அடம்பிடித்தவன் நான். அதை நீ இனிமேல் உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. சொன்னால் கேட்க மாட்டாய், தெரியும்.

ஒன்றை மட்டும் நம்பு. கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று மார்ச்சில் எழுதினேனே, அதற்கப்புறம் உனக்கு எழுதியதில் பாதி பொய். அது பொய் இல்லை.

வா. கட்டைக் கால் ஒன்று வைக்கலாம் என்கிறார்கள், காயம் முழுக்க ஆறிய பிறகு, ஆறினால். அதற்கு ஷூ அளவு கேட்டால் நீதான் சொல்ல வேண்டும். நின்றால்தான் அளப்பேன் என்பாய். பிடித்துக்கொள்ள நீ பக்கத்தில் இருந்தால் நிற்கிறேன்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: இடது ஷூவைப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. சுண்டுவிரல் எங்கேயும் இடிக்கவில்லை.